தோட்டப் பாடசாலையை வடிவமைத்தது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவர்கள், அங்கே படித்து வெளியே வந்தவர்கள், இன்றைக்கும் பிள்ளையை அங்கே அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் என்று மூன்று தரப்பாரும் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வருகிற கிழமையில் ஒரே கேள்வி சுற்றிவரும். "தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பின்னுக்கு நிற்கிறார்கள்?" பதில்களும் பழையவைதான். பெற்றோருக்கு அக்கறை இல்லை. ஆசிரியர்கள் பஸ் நேரத்துக்கு ஓடுகிறார்கள். பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை. குற்றவாளிகளைத் தேடுகிற இந்தப் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் வருவதேயில்லை. அந்தப் பாடசாலையின் பாடத்திட்டமும் நேரசூசியும் பெற்றோர் கூட்டமும் யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை? செய்யும்போது அங்கே படிப்பிக்கிறவரிடமும் படிக்கிறவரிடமும் யாராவது கேட்டார்களா?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. கேட்காமல் செய்த காலம் மிக நீளமானது. கேட்டுச் செய்த காலம் சிறியது. ஆனால் அந்தச் சிறிய காலத்தில் ஒரு பகுதி நம் ஊவாவிலேயே நடந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

1. துரையின் பள்ளிக்கூடம்

மலையகத்தில் தோட்டப் பிள்ளைகளுக்கான படிப்பு முதலில் மிஷனரிமாரால் வந்தது. 1854இல் கோப்பித் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. பெயரிலேயே அந்தக் காலம் தெரிகிறது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து நம் தம்பேதன்னை உட்படத் தோட்டங்களை வாங்கினார். அந்த வருடமே கட்டிய தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. லிப்டன் சீட்டுக்குப் போகிற உல்லாசப் பயணிகள் அதைப் படம் எடுக்கிறார்கள். தொழிற்சாலைக்கு அந்தளவு கவனம் கிடைத்த காலத்தில், பிள்ளைகள் படிக்க வேண்டுமா என்பதே விவாதமாக இருந்தது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் வைத்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் அந்தப் பொறுப்பை இன்னும் இறுக்கமாக்கியது. பள்ளிக்கூட அறை ஒன்று வேண்டும், தகுதியான ஆசிரியர் வேண்டும் என்றது.

இதைச் சிறிய விசயம் என்று சொல்லமாட்டேன். அதற்கு முன் அதுவும் இல்லை. ஆனால் யாருடைய கையில் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பிள்ளை வேலைக்கு வந்தால் லாபம் பார்க்கிறவரே பிள்ளை படிப்பதற்கும் பொறுப்பாளர். ஆசிரியரைப் போடுவதும் அவர், நிறுத்துவதும் அவர். பெரும்பாலும் ஒரு மடுவம், ஒரு ஆசிரியர், ஒரு கரும்பலகை. எல்லா வகுப்பும் அதற்குள்தான். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் கொஞ்சம் தெரிந்தால் போதும், அதற்கு மேல் தெரிந்தால் மலைக்கு ஆள் குறையும் என்பதே எழுதப்படாத பாடத்திட்டம்.

அந்த ஒற்றை ஆசிரியர்கள் பலர் சம்பளத்துக்கு மேலாக உழைத்தார்கள். இந்தியாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், இரவில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், திருவிழாவுக்கு நாடகம் பழக்கினார்கள். அவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

2. மூன்று கதவுகள்

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. இலங்கைப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய கதவு எப்போதும் திறந்ததில்லை. நானும் அதற்குள்ளால் வந்தவன்தான். மத்திய கல்லூரிகள் கிராமங்களுக்கு வந்தன. தோட்டப் பள்ளிக்கூடமோ தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்துவிட்டது.

1948இல் சுதந்திரம். அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள், அடுத்து வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாத ஊருக்குப் பள்ளிக்கூடம் கேட்டுப் பாராளுமன்றத்தில் யார் எழும்புவது? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சம் 150,000 பேரின் கணக்கு 1974இல் முடிந்தது. இருக்கப் போகிறோமா போகப் போகிறோமா என்று தெரியாத லயத்தில் பிள்ளையின் படிப்பைப் பற்றி என்ன திட்டம் போட முடியும்?

மூன்றாவது கதவு 1960. உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அப்போதைய கல்வி அமைச்சர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். எங்கள் முஸ்லிம் சமூகத்தின் கல்விக்கு அவர் செய்தவற்றை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். அதே மனதோடு இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய மாற்றத்திலும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் வெளியே விடப்பட்டன. அவை தோட்டத்தின் சொத்தாகவே தொடர்ந்தன.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் நிலைமை அசைந்தது. 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. இலவசக் கல்வி வந்து 30 வருடங்களுக்கும் மேல் கழித்து.

3. அரசாங்கம் வந்தது, பாடத்திட்டமும் வந்தது

1980களில் தோட்டங்களிலிருந்தே படித்த இளைஞர், யுவதிகள் ஆசிரியராக எடுக்கப்பட்டார்கள். 1986இல் சுவீடன் நாட்டின் சீடா நிறுவன உதவியோடு பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கான கல்வி அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கட்டடம், தளபாடம், பயிற்சி பெறாத ஆசிரியருக்குப் பயிற்சி எல்லாம் வந்தன. பெற்றோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அந்தத் திட்டத்தோடு வந்தது. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜேர்மன் உதவியோடு உருவானது. இன்றைக்கு மலையகத்தில் படிப்பிக்கிற எத்தனையோ பேர் அங்கே பயின்றவர்கள். பேராசிரியர் அஞ்சலா லிட்டில் இந்த முழு வரலாற்றையும் ஆராய்ந்து 1999இல் ஒரு நூலே வெளியிட்டார்.

கட்டடம் மாறியது, ஆசிரியர் மாறினார். ஆனால் மடுவத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரு குணம் மாறாமல் வந்தது. ஒரு ஆசிரியருக்கு இரண்டு வகுப்பு, மூன்று வகுப்பு. பாடத்திட்டமோ ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்று நினைத்து எழுதப்பட்டது. தரம் 3இற்கு ஒரு வழிகாட்டி, தரம் 4இற்கு வேறு, தரம் 5இற்கு வேறு. மூன்றையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரே ஆள் ஒரே 40 நிமிடத்தில் என்ன செய்வது?

இது தோட்டத்துக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை. நாட்டில் 10,000இற்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 3,000 பாடசாலைகளில் 100 பிள்ளைகளுக்கும் குறைவு. சிங்களக் கிராமம், முஸ்லிம் கிராமம், தோட்டம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதனால் "ஒரு வகுப்பு ஒரு ஆசிரியர்" என்பது நகரத்துக்கு உண்மை, மலைக்கு அது கற்பனை.

4. கேட்டு வடிவமைப்பது என்றால் என்ன?

இந்த இடத்தில் கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய் வருவோம்.

1970களின் தொடக்கத்தில் நோர்வேயில் தொழிற்சாலைகளுக்குக் கணினி வரத் தொடங்கியது. இயந்திரத்தை வாங்குகிறவர் முதலாளி, வடிவமைக்கிறவர் பொறியியலாளர், பாவிக்க வேண்டியவர் தொழிலாளி. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞர் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, இந்த முறைமை எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தொழிலாளரே ஆராயும் வேலையைத் தொடங்கினார். 1981இல் சுவீடனை மையமாகக் கொண்டு அச்சுத் தொழிலாளர் சங்கங்களோடு உட்டோப்பியா என்ற திட்டம் நடந்தது. அப்போது அவர்களுக்குத் தேவையான கணினி சந்தையில் இல்லை. அதனால் பலகை, அட்டை, காகிதத்தால் போலிக் கணினி செய்து மேசையில் வைத்து, "இதில் வேலை செய்து காட்டுங்கள், எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்" என்றார்கள். அச்சுக் கோர்ப்பவர் கையை வைத்துக் காட்டினார், அறிஞர்கள் அட்டையைக் கிழித்து மாற்றி ஒட்டினார்கள்.

கூட்டு வடிவமைப்புச் செயலமர்வு என்று இன்று சொல்வதன் ஒரு வேர் இதுதான். இரண்டு விசயம் கவனியுங்கள். முதலாவது, பாவிக்கப் போகிறவர் வெறுமனே கருத்துச் சொல்பவர் அல்ல, அவரும் செய்கிறவர். இரண்டாவது, முதலில் செய்வது மலிவான மாதிரி. பிழைத்தால் கிழித்துப் போடலாம். கோடிக்கணக்கில் அச்சடித்த பிறகு பிழை தெரிந்தால் யாரும் கிழிக்கமாட்டார்கள்.

எங்களுக்கு இது முழுக்கப் புதிய விசயமும் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகம் முதல் கலியாண வீடு வரை மஷூறா செய்கிறோம். அகழ்ப்போர் வரலாறு எல்லோருக்கும் தெரியும். மதீனாவைக் காக்கும் யோசனை தலைவர்களிடமிருந்து வரவில்லை. பாரசீகத்திலிருந்து வந்த, அடிமைத்தனத்தை அனுபவித்த ஸல்மான் (ரழி) அவர்களிடமிருந்து வந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றதோடு நிற்காமல் தானும் இறங்கி அகழ் தோண்டினார்கள். யோசனை எங்கிருந்தும் வரலாம், முடிவெடுத்த பிறகு எல்லோரும் மண் சுமக்க வேண்டும். மஷூறா என்றால் அதுதான்.

5. மொனராகலையில் நடந்தது

இப்போது நம் மாகாணத்துக்கே திரும்புவோம். அஞ்சலா லிட்டில் அவர்கள் 1990களின் இறுதியிலிருந்து பல்தரக் கற்பித்தல் பற்றி, அதாவது ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே நேரத்தில் படிப்பிப்பது பற்றி, இலங்கை, வியட்நாம், பெரு ஆகிய நாடுகளை இணைத்து ஆய்வு நடத்தினார். அதில் இலங்கைப் பகுதியில் வேலை செய்தவர்களில் ஒருவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மஞ்சுளா விதானபத்திரண. அவர் எடுத்துக்கொண்ட இடம் ஊவாவின் மொனராகலை மாவட்டம்.

ஆசிரியர்களுக்கு விரிவுரை வைத்துவிட்டுப் போவதோடு அவர் முடித்துக்கொள்ளவில்லை. கிராமப்புறப் பல்தர ஆசிரியர்களோடு சேர்ந்து தேசிய ஆரம்பப் பிரிவுக் கணிதப் பாடத்திட்டத்தைப் பல்தர வகுப்புக்கு ஏற்றபடி மறுபடி அடுக்கினார். இந்த ஆய்வு 2006இல் லிட்டில் தொகுத்த நூலில் வெளிவந்தது.

அடுக்குவது என்றால் என்ன? ஆசிரியர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரம்பப் பிரிவுக் கணிதத்தில் ஒரே தலைப்புகள் ஒவ்வொரு வருடமும் திரும்ப வரும், ஒரு படி கூடும். எண், நீளம், நிறை, நேரம், வடிவம். ஆனால் தரம் 3 நீளம் படிக்கிற கிழமையில் தரம் 4இன் வழிகாட்டி நேரத்தில் நிற்கும், தரம் 5இனுடையது பின்னத்தில் நிற்கும். அதனால் ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்ற இரண்டும் சும்மா கரும்பலகையைப் பார்த்து எழுதும்.

இப்போது மூன்று வழிகாட்டியையும் வெட்டி, ஒரே தலைப்பை ஒரே கிழமைக்குக் கொண்டுவந்தால்? எல்லோருக்கும் நீளம். அறிமுகம் ஒன்றாக. பிறகு சின்னவர்கள் அடிமட்டத்தால் மேசையை அளக்கிறார்கள். அடுத்தவர்கள் மீற்றரைச் சென்ரிமீற்றராக மாற்றுகிறார்கள். பெரியவர்கள் வகுப்பறையைச் சுற்றி அளந்து சுற்றளவு காண்கிறார்கள். பெரியவர் சின்னவருக்குக் காட்டிக் கொடுக்கிறார், காட்டிக் கொடுக்கும்போது தனக்கும் தெளிவாகிறது. போன வருடம் பிடிபடாத பிள்ளைக்கு இந்த வருடம் இன்னொரு சந்தர்ப்பம், அதுவும் வெட்கப்படாமல்.

பாடத்திட்டத்தில் ஒரு சொல்லும் குறையவில்லை. வரிசைதான் மாறியது. இந்த வரிசையைக் கொழும்பில் ஒரு மேசையிலிருந்து எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். எழுதியிருக்கலாம். ஆனால் எத்தனை பிள்ளைகளைத் தனியே விடலாம், எவ்வளவு நேரம் விடலாம், எந்த வேலையில் குழம்புவார்கள் என்பது அந்த அறையில் நிற்கிற ஆசிரியருக்குத்தான் தெரியும். அவர் கையில்லாமல் செய்த அடுக்கு இன்னொரு வழிகாட்டியாக அலுமாரிக்குள் போயிருக்கும்.

6. சென்னையில் நடந்தது, பிறகு நடந்தது

கூட்டாகச் செய்ததன் பலத்தையும், அதைக் கைவிட்டதன் பலவீனத்தையும் ஒரே கதையில் பார்க்க விரும்புகிறவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கலாம்.

ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலி இருக்கிறது. அதன் கிராமியக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ராமா தம்பதியினர் சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தினார்கள். அங்கே பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல அடுக்கினார்கள். பிள்ளை தான் நிற்கிற படிக்குரிய அட்டையைத் தானே எடுக்கும். ஆசிரியர் துணையோடு செய்கிற குழு, கூட்டாளி துணையோடு செய்கிற குழு, தனியே செய்கிற குழு என்று பிரிந்து உட்காரும். ஒரு ஆசிரியர் எல்லா வகுப்பையும் ஓட்ட முடிந்ததற்குக் காரணம் அதுதான்.

வேலூர் ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைச் சிறுவர்களுக்கான பள்ளிகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்தவர் எம். பி. விஜயகுமார். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது மாநகராட்சி ஆசிரியர் குழுவை ரிஷி வேலிக்கு அனுப்பினார். அவர்கள் பார்த்துவிட்டு வந்து, தாங்களே உட்கார்ந்து, தமிழுக்கும் சென்னைப் பிள்ளைகளுக்கும் ஏற்ற அட்டைகளை எழுதினார்கள். 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். பிள்ளையின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கரும்பலகை பூசினார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். செயல்வழிக் கற்றல் என்ற பெயர் அப்படி வந்தது.

பலன் தெரிந்ததும் வேகம் வந்தது. 2007–08இல் தமிழ்நாட்டின் 37,000இற்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளுக்கு அது போனது. உலகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஆனால் முதல் 13 பள்ளிக்கும் பிறகு வந்த ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. முன்னவர்கள் அட்டையை எழுதியவர்கள். பின்னவர்களுக்கு அட்டை அச்சடித்து வந்தது, கூடவே உத்தரவும் வந்தது. ஏணியைத் தாண்டக் கூடாது என்று சில இடங்களில் கண்டிப்பு. பதிவுகள் நிரப்பும் வேலை கூடியது. இது எங்கள் வேலை இல்லை, மேலிருந்து வந்த வேலை என்று முணுமுணுப்பு வந்தது. 2012–13இல் முப்பருவ முறை வந்தபோது பாடப்புத்தகம் மீண்டும் முன்னுக்கு வந்தது, செயல்வழிக் கற்றல் சுருக்கப்பட்டது. 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற வேறு திட்டம் வந்தது.

நான் இதிலிருந்து எடுக்கிற பாடம், அட்டை பிழை என்பதல்ல. அட்டையை மட்டும் பரப்பினார்கள், அட்டையை எழுதிய வேலையைப் பரப்பவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அதில் நாலில் ஒரு பங்கையாவது திருத்தி எழுத இடம் வைத்திருந்தால், அது அவர்களுடையதாக நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கொலம்பியாவில் 1975இல் விக்கி கொல்பேர்ட்டும் கூட்டாளிகளும் தொடங்கிய எஸ்குவேலா நுவேவா, அதாவது புதிய பள்ளி, இதே மாதிரியான பல்தரப் பள்ளிதான். அங்கே பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒழுங்காகக் கூடித் தங்கள் பிரச்சினையைத் தாங்களே பேசித் தீர்க்கும் வட்டங்களைத் திட்டத்தின் ஒரு தூணாக வைத்தார்கள். அது இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

7. நாங்கள் "செயலமர்வு" என்று சொல்வது

செயலமர்வு என்றதும் நம் ஆசிரியர்கள் பெருமூச்சு விடுவது ஏன் என்று எனக்குத் தெரியும். காலை ஒன்பதுக்குப் பதிவு. பத்துக்குத்தான் தொடக்கம். வரவேற்புரை, தலைமையுரை. திரையில் எழுத்துகளைக் காட்டி அதையே வாசிப்பார்கள். தேநீரும் ரோல்ஸும். குழு வேலை என்று ஒரு பெரிய தாள், அதில் நாங்கள் எழுதியதைச் சுருட்டிக் கொண்டு போவார்கள், பிறகு அந்தத் தாளைக் கண்டவர் யாருமில்லை. கையொப்பம், சான்றிதழ், வீடு.

இதில் அமர்வு உண்டு, செயல் இல்லை. மாலை வீட்டுக்குப் போகும்போது நாளைக் காலை வகுப்பில் பாவிக்கக் கூடிய ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அது கூட்டம்தான்.

பெற்றோர் பங்களிப்புக்கும் ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2006 முதல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் பெற்றோர், பழைய மாணவர் அடங்கிய அபிவிருத்திக் குழுக்கள் வந்தன. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் கூட்டம் கிழமை நாளில் காலை பத்துக்கு. அந்த நேரம் தாய் மலையில் நிற்கிறார். வந்தால் அரைப் பேர் போகும், சில இடத்தில் முழுப் பேரும் போகும். ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துத்தான் அக்கறையை நிரூபிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, வராதவரை அக்கறையில்லாதவர் என்று எழுதுகிறோம். கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் லயத்துப் பக்கம் வைத்துப் பாருங்கள், யார் வருகிறார்கள் என்று தெரியும்.

அந்தத் தாயிடம் பாடத்திட்டத்துக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு உதாரணம். நிறை என்ற தலைப்பை எடுங்கள். தோட்டப் பிள்ளை கிலோவைக் கடையில் படிப்பதற்கு முன் கொழுந்து நிறுக்கிற இடத்தில் படிக்கிறது. எத்தனை கிலோ எடுத்தோம், ஈரத்துக்கு என்று எத்தனை கழித்தார்கள், பைக்கு எத்தனை, துண்டில் என்ன எழுதினார்கள், சம்பள நாளில் என்ன வந்தது. கூட்டலும் கழித்தலும் தசமமும் அட்டவணை வாசிப்பும் அதற்குள் இருக்கின்றன. வீட்டில் ஒவ்வொரு அந்தியும் பேசப்படுகிற கணக்கு. அந்தக் கணக்கை வகுப்புக்குக் கொண்டுவந்தால் பிள்ளைக்குப் பாடமும் பிடிபடும், அம்மாவின் துண்டைச் சரிபார்க்கவும் வரும். ஆப்பிள் பழத்தை நிறுக்கச் சொல்கிற பாடம் அதைத் தராது. இதை எந்த ஆலோசகரும் எங்களுக்குச் சொல்ல மாட்டார், ஒரு கொழுந்துக்காரத் தாய்தான் சொல்ல வேண்டும்.

8. மறுப்புகள்

இதை நண்பர்களோடு பேசும்போது மூன்று மறுப்பு வந்தது. மூன்றும் நியாயமானவை.

"பாடத்திட்டத்தை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை." சரி. மாற்றப் போவதில்லை. மொனராகலையில் செய்தது போல வரிசையை அடுக்குகிறோம், உதாரணங்களை ஊருக்கு ஏற்றபடி எடுக்கிறோம். தேர்ச்சிகள் அப்படியே இருக்கின்றன. அதிபருக்கும் ஆசிரிய ஆலோசகருக்கும் சொல்லி, அவர்களையும் கூட்டத்தில் உட்கார வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒளித்துச் செய்வதில் பரக்கத் இருக்காது.

"புலமைப்பரிசில் பரீட்சை எல்லாவற்றையும் விழுங்கிவிடும்." உண்மை. தரம் 5 வந்ததும் எல்லோருக்கும் வினாத்தாள் மட்டும்தான் கண்ணில் படும். அதனால்தான் தரம் 3, 4இல் அத்திவாரத்தைப் போட வேண்டும் என்கிறேன். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நூறு மாதிரி வினாத்தாள் கொடுத்தும் பயனில்லை.

"ஆசிரியர் வெற்றிடத்தை அரசாங்கம் நிரப்பட்டும். நீங்கள் ஒரு ஆசிரியரால் மூன்று வகுப்பை ஓட்டலாம் என்று காட்டினால், அப்படியே ஓட்டுங்கள் என்று விட்டுவிடுவார்கள்." இதுதான் மிகக் கனமான மறுப்பு. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. 1977 வரை தோட்டத்தைக் காக்க வைத்த நாடு இன்னும் காக்க வைக்காது என்று யார் சொன்னது? அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆசிரியர் கேட்டு எழுதுவதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஆனால் ஆசிரியர் வரும் வரை இப்போது தரம் 3இல் இருக்கிற பிள்ளை வளராமல் காத்திருக்காது. அதோடு, 15 பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கு ஐந்து ஆசிரியர் வருவார்கள் என்று எந்த அரசாங்கமும் உறுதி தரப் போவதில்லை. அப்படியான பாடசாலைகளுக்கு மூடுவது அல்லது இப்படியே விடுவது என்று இரண்டே வழி இருப்பதாகப் பேசுகிறார்கள். மூடினால் ஏழு வயதுப் பிள்ளை மழையில் மலை இறங்கி எத்தனை மைல் நடக்க வேண்டும் என்று அந்தப் பேச்சில் யாரும் அளப்பதில்லை. நல்ல பல்தர வகுப்பு என்பது மூன்றாவது வழி. அது நடக்கக் கூடியது என்று காட்டினால்தான் மூடாதே என்று தைரியமாகச் சொல்லலாம்.

9. இப்போது செய்யக் கூடியது

அடுத்த விடுமுறையில் எங்கள் பக்கத்து நான்கு சின்னப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் மூன்று நாள் உட்காரப் பேசியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் இருவகையினரும் உண்டு. பெரிய திட்டம் ஒன்றுமில்லை. ஒரே பாடம், கணிதம். ஒரே தவணை. தரம் 3, 4, 5.

முதல் நாள் மூன்று வழிகாட்டியையும் பிரதி எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, தலைப்பு வாரியாகத் தரையில் பரப்புவோம். இரண்டாம் நாள் பின்னேரம், வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு, சில பெற்றோரையும் தரம் 5 முடித்த சில பிள்ளைகளையும் கூப்பிடுவோம். எந்த இடம் விளங்கவில்லை, ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும். மூன்றாம் நாள் முதல் இரண்டு கிழமைக்குரிய அட்டைகளை மட்டும் கையால் எழுதுவோம். அச்சடிக்க மாட்டோம். தவணை தொடங்கி இரண்டு கிழமை பாவித்துவிட்டு, மறுபடி ஒரு சனிக்கிழமை கூடி, இடறியவற்றைக் கிழித்துப் போட்டு மாற்றி எழுதுவோம். அதன் பிறகுதான் மூன்றாம் கிழமை.

உரை இல்லை, மாலை இல்லை, சான்றிதழ் இல்லை. பகலுக்குச் சோறும் பருப்பும் அவரவர் வீட்டிலிருந்து.

தேவைப்படுவது: பழைய கலண்டர் மட்டைகள், தடித்த பேனைகள், ஒரு சின்னத் தராசு, மூன்று தரத்தினதும் பழைய ஆசிரியர் வழிகாட்டிகள். ஓய்வு பெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர் யாராவது ஒருவர் கூட இருந்தால் பெரிய உதவி. பல்தர வகுப்பை முப்பது வருடம் தனியே ஓட்டியவர்கள் பண்டாரவளை, வெலிமடை, ஹல்துமுல்லைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

வரக் கூடியவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். வர முடியாதவர்கள் கீழே கருத்தில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். நீங்கள் தோட்டப் பாடசாலையில் படித்திருந்தால், கணக்கில் எந்த இடத்தில் கை விட்டது? எந்த வகுப்பில்? அந்த நேரம் ஆசிரியர் எந்த வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார்? அந்தப் பதில்களை முதல் நாள் தரையில் வைத்துத்தான் நாங்கள் வேலையைத் தொடங்கப் போகிறோம்.